அண்ணனின் வயதில் ஒரு தம்பி: முல்லைத்தீவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஓகஸ்ட். முல்லைத்தீவு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றுக்கு இடது கையைச் சாரத்துணியால் சுற்றிக்கொண்டு ஒரு சிறுவன் வந்தான். பழைய இரும்பு ஏற்றும்போது லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டிக்கும் ஓர் இரும்புத் தீராந்திக்கும் நடுவில் அகப்பட்டு அவனது இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. கூட்டிவந்தவர் அவன் வேலை செய்த பழைய இரும்புக் கடையின் உரிமையாளர். தாதி வயது கேட்டார். "பதினாறு" என்றார் கடைக்காரர். அனுமதிச் சீட்டில் 16 என்று ஏறியது. ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தாதி அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். "பதின்மூன்று" என்றார் அம்மம்மா. பிறகு கடைக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லைப் பிள்ளை, பதினாறு" என்றார்.

அந்தத் தாதி சீட்டில் இருந்த எண்ணை அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பணி முடிந்து வீட்டுக்குப் போகும் முன் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்தார். இந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை சிறுவர் சட்டங்கள் அமுலுக்கு வந்தது அந்தக் கேள்விக்குறியிலிருந்துதான். அவருக்கு இந்தப் பக்கத்தில் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நடந்தவற்றில் நன்றி சொல்ல வேண்டியவை குறைவு.

வன்னியில் சிறுவர்களுக்கான சட்ட உதவி வேலை செய்பவள் நான். காயம் நடந்து மூன்று வாரங்களின் பின் இந்தக் கோவை என்னிடம் வந்தது. பிள்ளையை இனங்காட்டக்கூடிய ஊரையும் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது கூட்டம்

பிரதேச செயலகத்தில் கூடினோம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவிலிருந்து ஒருவர், தொழில் அலுவலர், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், கிராம அலுவலர், நான். மேசையில் ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதி கிடந்தது. பாடசாலை அனுமதிப் பதிவேட்டில் இருந்ததும் அதே திகதிதான்: 2006 மார்ச்.

சட்டம் தெளிவாக இருந்தது. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களைத் தொழிலுக்கமர்த்தும் சட்டத்தில் தொழிலுக்கான குறைந்த வயது நெடுங்காலம் 14 ஆக இருந்தது. 2021 இல் அதை 16 ஆக உயர்த்தினார்கள். கட்டாயக் கல்வி வயதும் 2016 இல் 14 இலிருந்து 16 ஆகியிருந்தது. இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்த ஐந்து ஆண்டுகள் எடுத்தன. அதுவரை, பாடசாலைக்கு வர வேண்டிய வயதில் உள்ள பிள்ளை சட்டப்படி வேலைக்கும் போகலாம் என்ற முரண் நாட்டில் இருந்தது. அது தீர்ந்த பிறகு நடந்த முதல் சில நிகழ்வுகளில் ஒன்று இது என்பதால் நான் நம்பிக்கையோடுதான் போயிருந்தேன்.

தொழில் அலுவலர் சான்றிதழைப் பார்த்தார். "மார்ச் மாதம் 16 முடிந்திருக்கிறது. என்னால் செய்ய ஒன்றும் இல்லை" என்றார். பதினாறே என்று வைத்துக்கொண்டாலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அபாயகரமான வேலையில் அமர்த்துவதற்குத் தடை இருக்கிறது, 2010 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் 51 வகை வேலைகளைப் பட்டியலிட்டிருக்கின்றன என்று சொன்னேன். கடை பதிவு செய்யப்படாதது, வேலை எந்த வகைக்குள் விழும் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். கல்வி அலுவலகத்தவரும் 16 முடிந்துவிட்டது என்றார். பொலிஸார் எழுதிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது.

வெளியே வாங்கில் சிறுவன் இருந்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வாங்கின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "இது இரும்பில்லை மிஸ், மேலே பூசியிருக்கிறார்கள். உள்ளே அலுமினியம்." தட்டினால் சத்தத்தில் தெரியும் என்றான். பித்தளைக்கு ஒரு சத்தம், செம்புக்கு ஒரு சத்தம். பற்றைக்குள் கிடக்கும் வெற்றுத் தோட்டாக் கோதுகளில் எது பித்தளை என்று எடுக்காமலே சொல்வானாம். வன்னியில் கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகளின் ஓரங்களில் இந்தப் பிள்ளை ஒரு வருடமாகக் கோது பொறுக்கித் திரிந்திருக்கிறான். அவனுக்குப் பதினாறு என்று மூன்று திணைக்களங்கள் எழுதி முடித்திருந்தன. என் தோளுக்குக் கீழே நின்றான். குரல் இன்னும் உடைந்திருக்கவில்லை.

கைப்பையில் இருந்தவை

ஒக்டோபரில் இரண்டு தடவை அம்மம்மாவின் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை கடனைப் பற்றிப் பேசினோம். 2021 இல் கடைக்காரரிடம் 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். நுண்கடன் நிறுவனம் ஒன்றின் கிழமைத் தவணைக்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்ட நாளில் வாங்கிய காசு. கொரோனாக் காலத்தில் பாடசாலை மூடிக்கிடந்தது. பேரன் "சும்மா நிற்கிறானே, கடையில் உதவட்டும்" என்று கடைக்காரர் கேட்டார். நாளுக்கு 800 ரூபாய். அதில் ஒரு பங்கு கடனுக்குக் கழியும். பாடசாலை திறந்தது. பேரன் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டு விலைவாசி ஏறிய ஏற்றத்தில், மிஞ்சிய காசும் வீட்டுக்கு வேண்டியதாகிவிட்டது.

கடைக்காரரைக் கொடியவர் என்று எழுத என்னால் முடியாது. மதியம் தன் வீட்டுச் சோற்றைக் கொடுத்திருக்கிறார்; வைத்தியசாலைக்கு அவரே கூட்டிப்போனார். ஆனாலும் ஒரு பெரியவரின் கடனை ஒரு பிள்ளையின் கை கட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 358அ என்ற பிரிவைச் சேர்த்தது. கடனுக்காக அடிமைப்படுத்துவதும் கட்டாய வேலை வாங்குவதும் அதில் குற்றம். அதே பிரிவில்தான் ஆயுதப் போரில் சிறுவர்களைச் சேர்ப்பதும் குற்றமாக்கப்பட்டது.

அந்த ஆண்டை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கொழும்பில் அந்தத் திருத்தம் நிறைவேறிய அதே 2006 இல், வன்னியில் விடுதலைப் புலிகளும் தம் கட்டுப்பாட்டுப் பகுதிக்கெனச் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் படையில் சேர்ப்பதையும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவதையும் அது தடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், 2003 இல், யுனிசெப்போடு ஒரு செயற்திட்டத்தில் கையெழுத்தாகி, கிளிநொச்சியில் விடுவிக்கப்பட்ட சிறுவர்களுக்கான இடைத்தங்கல் நிலையமும் திறந்திருந்தது. ஆக, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக இரண்டு தரப்பும் ஒரே ஆண்டில் சட்டம் எழுதின. பிறகு வந்த மூன்று ஆண்டுகளில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் படைக்குக் கொண்டுபோனது நின்றுவிடவில்லை. பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்த இடங்களில் எறிகணை விழுவதும் நின்றுவிடவில்லை. அந்த நாட்களில் பிள்ளையின் வயது என்பது தாய்மார் சொல்லவும் மறைக்கவும் கூட்டவும் குறைக்கவும் பழகிய ஒன்று. பதினைந்தைப் பன்னிரண்டு என்றார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டினார்கள். வயதுச் சான்றிதழைக் கேட்டு வருகிறவன் எதற்காக வருகிறான் என்று பார்த்த பிறகே அதை எடுத்துக் காட்டினார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வன்னியில் ஒரு கிழவியிடம் "உண்மையான வயதைச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்பதில் பயன் இல்லை.

இரண்டாவது தடவை போனபோது அம்மம்மா என்னிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கைப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொன்று. இடுப்பில் கட்டியபடி கடல்நீர் ஏரியைக் கடந்து வந்த பை. பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை எடுத்து என் முன் வைத்தார்.

"இது மூத்தவனுடையது, பிள்ளை."

மூத்தவன் 2006 மார்ச்சில் பிறந்தவன். 2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் ஒரே எறிகணையில் தாயோடு போய்விட்டான். தகப்பன் அதற்கு முன்பே இல்லை. மிஞ்சியது ஐந்து மாதக் குழந்தை ஒன்று. அதற்குப் பதிவு இல்லை. 2014 இல் முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் போனபோது சான்றிதழ் கேட்டார்கள். அம்மம்மாவின் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது, ஒரு பிள்ளை இருந்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளை அளவில் இருப்பதைக் கண்டு யாரும் வியக்கவில்லை. போரால் படிப்புத் தவறிய, வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அந்த வகுப்பு முழுவதும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து பாடசாலையில் அவனுக்கு அண்ணனின் பெயர். வீட்டில் அவனுடைய பெயர்.

எந்த வெள்ளம்?

இனி நாம் நிறுவ வேண்டியிருந்தது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை எப்போது பிறந்தான்?

"தர்மபுரத்தில் தறப்பாள் கொட்டிலில் இருக்கும்போது. வெள்ளம் வந்து வடிந்து கிழமை ஒன்று ஆகவில்லை. படங்கு காயவில்லை, ஈரத்தில்தான் பிள்ளையைக் கிடத்தினோம்."

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார்: எந்த வெள்ளம்? சரியான கேள்வி. அந்த மாரியில் வன்னிச் சனம் இரண்டு வெள்ளங்களைக் கண்டது. 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் கொண்டுவந்தது ஒன்று. 2009 ஜனவரி பிற்பகுதியில் கல்மடுக் குளத்து அணைக்கட்டு உடைந்தபோது வந்தது மற்றது. ஆனால் கல்மடு உடையும்போது தர்மபுரத்தில் சனம் இல்லை. ஜனவரி நடுப்பகுதியிலேயே அந்த இடம் இராணுவத்தின் கைக்குப் போய்விட்டது, சனம் விசுவமடுவும் தாண்டிக் கிழக்கே நகர்ந்திருந்தது. ஆகவே தர்மபுரத்தில் வடிந்த வெள்ளம் நிஷாவின் வெள்ளம்தான். பிள்ளை பிறந்தது 2008 டிசம்பர் முதற்கிழமை.

கைப்பையில் இன்னொரு தாளும் இருந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் 2009 ஜூனில் குடும்பத்தைப் பதிந்த அட்டை. அம்மம்மாவின் பெயருக்குக் கீழே, பேனா மை பாதி கரைந்த எழுத்தில்: ஆண், 6 மாதம். ஜூனிலிருந்து ஆறு மாதம் பின்னே எண்ணினால் டிசம்பர்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் நினைவும் முகாமில் யாரோ அவசரமாகக் கிறுக்கிய ஒரு வரியும் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மாதத்தில் வந்து சந்திக்கின்றன. நான் இந்த வேலையில் பார்த்த சாட்சியங்களில் இதைவிட உறுதியானது குறைவு. ஆனால் கூட்டத்தில் கிடைத்த பதில்: "முகாம் அட்டை பிறப்பு ஆவணம் அல்ல. முதலில் பிறப்பைப் பதிவு செய்து சான்றிதழோடு வாருங்கள்."

இந்த நிகழ்வில் ஆறாத கோபம் எனக்கு இந்த இடத்தில்தான். தொழில் சட்டம் கேட்பது பிறந்த நாளை அல்ல. 16 வயது நிரம்பியவனா, நிரம்பாதவனா என்பதை மட்டும்தான். கட்டாயக் கல்வி விதிகள் கேட்பதும் அதையேதான். பிள்ளை டிசம்பர் முதலாம் திகதி பிறந்தால் என்ன, எட்டாம் திகதி பிறந்தால் என்ன? இரண்டிலும் அவன் பதின்மூன்று வயதுக்காரன். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு மாதங்கள் எடுக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்கள் முழுவதும் பிள்ளை கடைக்குப் போகலாம் என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். உண்மையில் போனான். விரல் ஆறியதும் நவம்பரில் திரும்பவும் போனான். கடனில் இன்னும் 11,000 ரூபாய் மிச்சம் இருந்தது.

நீதிமன்றத்தில்

வழி 1939 இல் எழுதிய சட்டத்திலேயே இருந்தது. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம், அந்த ஆண்டின் 48 ஆம் இலக்கம். பழைய சட்டம், அதன் மொழியும் பழையது. எழுதியபோது 14 வயதோடு சிறுவர் பருவம் முடிந்தது என்றும் 16 வரை இளம் ஆள் என்றும் வகுத்தது. ஆனால் வயது தெரியாத பிள்ளை முன்னால் வந்தால் நீதிமன்றமே விசாரித்து வயதைத் தீர்மானிக்கலாம், அந்தத் தீர்மானமே கட்டளைச்சட்டத்தின் தேவைக்கு உண்மையான வயது என்று அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத மாவட்டத்தில் நீதவான் நீதிமன்றமே அந்த இடத்தில் அமர்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை என்று அவனை அங்கே முற்படுத்தலாம் என்று நன்னடத்தை உத்தியோகத்தரிடம் பேசினேன்.

அவர் தயங்கினார், தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. முற்படுத்தினால் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததாக அம்மம்மா மீது வழக்கு வரலாம். இன்னொன்று, பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பும்படி கட்டளை வரலாம். முதலில் அவருடைய சொந்தப் பரிந்துரையும் அதுவாகத்தான் இருந்தது: அயல் மாவட்டத்தில் ஓர் இல்லம், மூன்று வேளைச் சாப்பாடு, பாடசாலை. போருக்குப் பிறகு வன்னியில் ஏழ்மைக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் இதுதான் மிக எளிதாகக் கிடைத்தது. நான் இதை வன்மையாக எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். இந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அம்மம்மா. கடன் 11,000 ரூபாய். இல்லத்தில் ஒரு பிள்ளையை ஆறு மாதம் வைத்திருக்க அதைவிட அதிகம் செலவாகும்.

டிசம்பரில் பொலிஸார் அறிக்கை தாக்கல் செய்தார்கள். நீதவான் வயது மதிப்பீட்டுக்காகச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள், பற்களைப் பார்த்தார்கள். எலும்பு நுனிகள் எந்த அளவுக்குப் பொருந்தியிருக்கின்றன என்பதை வைத்துச் சொல்லும் வயது ஒருபோதும் ஒற்றை எண்ணாக வராது. ஒரு வீச்சாகத்தான் வரும். 2023 பெப்ரவரியில் அறிக்கை வந்தது: 13 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில். வீச்சின் மேல் எல்லைகூட 16 ஐத் தொடவில்லை.

அன்றைய அமர்வில் அம்மம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். வெள்ளத்தைச் சொன்னார், படங்கைச் சொன்னார். மூத்தவனின் சான்றிதழை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கப்பட்டபோது, "இவனைப் பள்ளிக்கூடத்தில் எடுக்கமாட்டோம் என்றார்கள் ஐயா" என்றார். அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் மீது வழக்கும் வரவில்லை. பிள்ளை 2008 டிசம்பரில் பிறந்தவன் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் அம்மம்மாவிடமே இருக்கும்படி கட்டளையாயிற்று.

அந்தக் கட்டளைப் பிரதி கையில் வந்த மறுநாள் தொழில் அலுவலர் கடைக்குப் போனார். ஆறு மாதம் முடியாமல் இருந்த வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. கடைக்காரர் மிச்சக் கடனை விட்டுக்கொடுத்தார். வேலைக்கமர்த்தியதற்கான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார். 358அ பிரிவின் கீழ் பொலிஸார் எதையும் முன்னெடுக்கவில்லை. அது பெரிய குற்றத்துக்கானது என்றார்கள். ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்பும் இரண்டு விரல்களும் எந்த அளவுக் குற்றம் என்று நான் கேட்டேன். அது கூட்டக் குறிப்பில் பதிவாகவில்லை.

மார்ச் கடைசியில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது அவன் ஒன்பதாம் தரத்தில் சேர்ந்தான். சக வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு பிந்தி. வகுப்பாசிரியர் வரவு இடாப்பில் பழைய பெயரை ஒரு கோட்டால் வெட்டி மேலே புதியதை எழுதினார். முதல் இரண்டு கிழமைகள் பெயர் கூப்பிட்டால் அவன் உடனே எழுந்து நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். மடங்காத இரண்டு விரல்கள் இடது கையில் என்பதால் எழுத்துக்குத் தடை இல்லை. கணிதத்தில் பின்தங்கியிருக்கிறான். விஞ்ஞானத்தில் உலோகங்கள் பற்றிய பாடம் வந்த நாளில் வகுப்பில் அவன் மட்டும்தான் பேசினானாம்.

பதிவுகள் அதற்கும் பிறகுதான் முடிந்தன. ஒரு பிள்ளை பிறந்ததைப் பதிய வேண்டுமானால் மற்றப் பிள்ளை இறந்ததையும் பதிய வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அண்ணன் காகிதத்தில் பாடசாலையை விட்டு இடைவிலகிய பதினேழு வயது இளைஞனாக எங்கோ உயிரோடு இருந்துகொண்டிருப்பான். போரில் இறந்தவர்களின் மரணத்தைப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்து பல ஆண்டுகள் ஆகியும் அம்மம்மா அந்தப் பக்கம் போனதில்லை. மகளுக்குக்கூடப் பதியவில்லை. இந்தத் தடவை போனார். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மூன்று நாட்கள், கிராம அலுவலரிடம் இரண்டு நாட்கள், சமாதான நீதவானிடம் சத்தியக் கூற்றுகள். காயம் நடந்து பதினான்கு மாதங்களின் பின், 2023 ஒக்டோபரில், இரண்டு சான்றிதழ்களும் ஒரே நாளில் கையில் கிடைத்தன.

கச்சேரி வாசலில் மரத்தடியில் அம்மம்மா கைப்பையைத் திறந்தார். இரண்டு தாள்களும் ஒரே அளவு, ஒரே மாதிரி முத்திரை. எது சின்னவனுடையது என்று கேட்டார். காட்டினேன். திரும்பவும் மாறிப்போய்விடும், ஒரு அடையாளம் போட்டுத் தா பிள்ளை என்றார். பேனாவை எடுத்துச் சின்னவனுடைய சான்றிதழ் இருந்த உறையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுக் கொடுத்தேன். அதை மேலே வைத்து, மற்றதைக் கீழே வைத்து, சொப்பிங் பையை மடித்துக் கட்டினார். பஸ் வந்தது.